கல்லுக்கு அந்தப் பக்கம் இவர்

1986 செப்ரெம்பர் 14, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதில், கட்டின புருசனைப் பார்க்கப் போவதற்காக, என் அறையில் இருக்கிற ஜெசிந்தா குளிக்கப் போன நேரம் அவளுடைய சென்ற் போத்தலை எடுத்துக் கழுத்திலும் சீலைத் தலைப்பிலும் தாராளமாக அடித்துக்கொண்டேன். காட்டுப்பாதை முழுக்க என்னை நானே மணந்துகொண்டு நடந்தேன். இவர் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "இண்டைக்குக் கக்கூஸ் கழுவுற முறை உமக்கோ?" அது கக்கூசுக்கு அடிக்கிற மருந்தாம். போத்தலில் ரோசாப்பூப் படம் இருந்தது, நான் என்ன செய்ய.

ஜெசிந்தாவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். பிறகு ஒரு புதுக் கொப்பியைத் தந்து, இப்படியானதை எல்லாம் எழுதி வைக்கச் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்போடு மாட்டைப் பார்க்கப் போனவள். எழுத்து கோணும். கோணட்டும்.

எங்கள் நிலைமையையும் எழுதி வைக்கிறேன். நானும் இவரும் அகதியாக ஜெர்மனிக்கு வந்தது தனித்தனியே. இவர் போன வருசம், நான் இந்த வைகாசியில். இவரை ரீட்ஃபெல்ட் மாவட்டத்தில் போட்டார்கள். என்னைப் பக்கத்து மாவட்டமான ஹோல்டன்பேர்க்கில் ஒரு ஹைமில், அதாவது அகதி விடுதியில், போட்டார்கள். வழக்கு முடியும்வரை அகதி தன் மாவட்டத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. அது சட்டம். புருசன் பெண்சாதி என்றால் ஒன்றாக விடுவார்கள், விவாகப் பத்திரம் காட்ட வேண்டும். எங்களுக்கு ஐயர் வந்தார், மேளம் வந்தது, தாலி ஏறியது. எழுத்துக்கு வர வேண்டிய பதிவுகாரர் மட்டும் அன்றைய மழையில் வரவில்லை. பிறகு எழுதலாம் என்று விட்டதுதான், இருபத்துநாலு வருசமாகிவிட்டது. ஆகவே ஜெர்மன் அரசாங்கத்தின் கணக்கில் நான் குமர்ப்பிள்ளை.

இவரை என் மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை எல்லைக்கல்லில் சந்திக்கிறோம்.

கல்லைக் காட்டித் தந்தது கோர்டெஸ் கிழவர். எங்கள் ஹைமில் குழாய், விளக்கு, கதவு எல்லாம் திருத்துகிறவர். இந்த ஊரிலேயே பிறந்தவர். காட்டின் மேல் முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் வேறு எழுத்து. அதோடு ஹோல்டன்பேர்க் முடிகிறது, அங்கால் இருப்பவர்கள் ஆட்களே இல்லை என்று கையால் காட்டினார். அந்த ஆட்களில் ஒருவர் என் புருசன் என்று அவருக்குத் தெரியாது.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டு போனேன். கல்தான் மேசை. இவர் அந்தப் பக்கம் பொலித்தீன் பையை விரித்து இருந்தார், நான் இந்தப் பக்கம். சட்டம் என்றால் இவருக்குச் சாமி. கால் நீட்டும்போதும் அளந்துதான் நீட்டுவார். சாப்பாடு கல்லைத் தாண்டலாமா என்று முதல் ஞாயிறே யோசித்தவர். சாப்பாட்டுக்கு வழக்கு இல்லை, அது எந்த மாவட்டத்திலும் இருக்கலாம் என்று நான் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வாய் வைத்தார்.

இன்று என் செருப்பு கழன்று உருண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. இவர் தடியால் தள்ளிவிட்டார். கையால் தந்தால் விரல் எல்லை தாண்டுமாம். "அருளம்பலத்தாரே, நீர் காந்தியோ அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரோ" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

பகிடி பண்ணுகிறேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். ஊரில் ஒரு தடவை அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் பிடிபட்டவர். திரும்பி வந்தது பத்தொன்பதாம் நாள். அந்த நாட்களைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்றிலிருந்து கோடு என்றால் கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் நிற்பார்.

கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீடு. அங்கிருந்து ஒரு மனுசி வந்து நாலு ஆப்பிளைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனா. என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். சப்பாத்து முழுக்கச் சேறு. ஃப்ராவ் ஹென்னெக்கெ என்று பெயராம், இவர் தபால் பெட்டியில் பார்த்திருக்கிறார்.

செப்ரெம்பர் 24, புதன்

மழை. ஞாயிறுக்கு உடுக்கிற நீலச் சீலையைத் தோய்த்தேன். காயவில்லை. மறுபடி தோய்த்தேன்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

விடாத மழை. இந்த மழைக்குப் போகாதேங்கோ என்று ஜெசிந்தா மறித்தாள். முழங்காலும் வீங்கித்தான் இருந்தது. போனேன். இவர் குடையோடு நின்றார், நான் குடையோடு நின்றேன், நடுவில் கல் நனைந்தது. பேச ஒன்றும் இருக்கவில்லை. இவருடைய ஹைமில் சீனி முடிந்துவிட்டது என்றார். எங்களிடம் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் ஜெசிந்தா ஏசினாள். இந்த ஒரு கிழமை விட்டால் என்ன, மனுசன் எங்கேயும் ஓடிவிடுவாரா என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். போன வருசம் ஊரைவிட்டுப் புறப்பட்ட இவர் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை, வழியிலேயே முடிந்துவிட்டது என்று எங்களுக்குச் செய்தி வந்தது. நான் பொட்டை அழித்தேன். எட்டு மாதம் வெள்ளைச் சீலை. பிறகு ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து கடிதம் வருகிறது, இங்கே நல்ல குளிர், நீர் சுகமோ என்று. செத்த மனுசன் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டிய தபால்காரருக்குத்தான் மயக்கம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் பொட்டு வைத்தேன்.

ஆகவே ஞாயிறு தவறாது.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

கெட்ட நாள். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கல்லில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பண்ணைப் பாதையால் பொலிஸ் கார் வந்து நின்றது. இளம் பொலிஸ்காரன், முகத்தில் மீசை முளைக்கப் போகிறது. என் பத்திரத்தைப் பார்த்தான், சரி என்றான். இவருடையதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். இவர் கல்லைக் காட்டி, தன் பக்கத்தைக் காட்டி, "ரீட்ஃபெல்ட், ரீட்ஃபெல்ட்" என்றார். அவன் இல்லை என்று தலையாட்டி, கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையை வீசி, "ஹோல்டன்பேர்க்" என்றான்.

அந்த நேரம் ஃப்ராவ் ஹென்னெக்கெ உருளைக்கிழங்கு கிண்டி எடுக்கிற இரும்பு முள்ளோடு ஓடி வந்தா. பொலிஸ்காரனைப் பிடித்து ஏசின ஏச்சு, எனக்குப் பாசை விளங்காவிட்டாலும் ராகம் விளங்கியது. அவன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கேட்டான். ஆனாலும் இவருடைய பெயரை எழுதிக்கொண்டான்.

பின்னேரம், பாசை தெரிந்த ஜெசிந்தா விசாரித்து வந்து சொன்னாள். பதினொரு வருசத்துக்கு முன் அரசாங்கம் பழைய மாவட்டங்களைக் கலைத்து, சேர்த்து, எல்லைகளை மாற்றியதாம். கல்லுக்கு அங்கால் உள்ள மூன்று கிராமத்தை ரீட்ஃபெல்டிலிருந்து வெட்டி ஹோல்டன்பேர்க்கோடு ஒட்டிவிட்டார்களாம். இப்போதைய எல்லை இன்னும் ஒரு மணித்தியால நடை தள்ளி, ஆற்றுப் பாலத்தில். கல்லைப் பிடுங்க மட்டும் மறந்துவிட்டார்கள்.

அப்படியென்றால் இவ்வளவு ஞாயிறும் சட்டத்தை மீறியது இவர். விரல் தாண்டாமல், செருப்பைத் தடியால் தள்ளி, எல்லையைக் காத்த மனுசன் ஒவ்வொரு கிழமையும் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார். இதை நினைத்துச் சிரித்தேன். பிறகு வெங்காயம் வெட்டினேன். சமையல் ஒன்றும் இல்லை, சும்மா வெட்டினேன்.

இன்னொரு தடவை பிடிபட்டால் கோர்ட்டாம். மாற்றல் மனுவும் போய்விடுமாம்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

கோர்டெஸ் கிழவரைக் குசினியில் பிடித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தார். ஜெசிந்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் கல்லை நம்பி என் புருசன் கள்ளனாகிவிட்டார் என்றேன். தலையை வெளியே எடுக்காமலே பதில் சொன்னார். கல் சரியாம். அரசாங்கம்தான் பிழையாம். அங்கால் உள்ள மூன்று கிராமத்தையும் ஹோல்டன்பேர்க் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, சாகும்வரை சொல்லவும் மாட்டாராம். அந்தக் கிராமத்து ஆட்களின் நடையே வேறு மாதிரியாம்.

ஜெசிந்தா விசாரித்ததில், ஃப்ராவ் ஹென்னெக்கெயும் இதையேதான் பொலிஸ்காரனிடம் சொன்னாவாம். தான் பிறந்தது ரீட்ஃபெல்டில், ஒரு காகிதத்துக்காக ஹோல்டன்பேர்க்காரி ஆகமாட்டாவாம். ஆக, ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக் கூடாத இரண்டு பகுதியும் ஒரு விசயத்தில் ஒற்றுமை. எல்லை கல்லில்தான் இருக்கிறது.

இதை மனதில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பாலம்வரை போக எனக்கு உரிமை இருக்கிறது. இவரையும் அந்தப் பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருந்தேன். போனேன். கல்லைத் தாண்டும்போது காலை உயர்த்தித்தான் வைத்தேன், பழக்கம். பாலத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு மணித்தியாலம் நின்றேன். லொறிகள் போயின. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

திரும்பும்போது முழங்கால் மடங்க மறுத்தது. ஃப்ராவ் ஹென்னெக்கெ உழவு மெசினில் வந்து, கேளாமலே என்னைத் தூக்கிச் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் இருத்திக் காடுவரை கொண்டு வந்து விட்டா. கல்லடியில் நிறுத்திவிட்டா. அதற்கு மேல் அவ வரமாட்டா, அது அந்நிய நாடு.

ஒக்ரோபர் 13, திங்கள்

இவர் தொலைபேசியில் வந்தார். பாலத்துக்கு ஐம்பது மீற்றர் தூரத்தில் மரத்துக்குப் பின்னால் நின்றாராம். என்னைக் கண்டாராம். கால் வரவில்லையாம்.

தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு நானே எடுத்து, அடுத்த கிழமை அந்த மரத்தையும் கூட்டிக்கொண்டு வாரும், அதுக்கும் சேர்த்துச் சமைக்கிறேன் என்றேன்.

ஒக்ரோபர் 16, வியாழன்

ஹோல்டன்பேர்க் அரசாங்கக் கந்தோரில் இருந்து கடிதம். 29ஆம் திகதி இருவரும் நேரில் வந்து, எல்லை தாண்டியதற்கும் விவாகத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு மட்டும் இவர் வர அனுமதி. அன்றைக்குச் சரிவராவிட்டால் மனு முடிந்தது, நாங்களும் இப்படியே.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

இவர் பாலத்தில் நின்றார். நடுவே, எல்லையாக இரும்புப் பொருத்து ஓடுகிற இடத்துக்கு ஒரு முழம் அப்பால். நான் இப்பால். காற்று ஆளைத் தள்ளியது. கையை நீட்டி என் கையைப் பிடித்தார். பொருத்துக்கு மேலே, வெட்டவெளியில். குளிருக்குத்தான். வேறொன்றுமில்லை.

ஒக்ரோபர் 25, சனி

இன்று நான் செய்ததை ஜெசிந்தா பாவம் என்கிறாள். அவள் கத்தோலிக்கப் பிள்ளை, மன்னார். மொழிபெயர்த்ததற்காக நாளைக்குப் பூசைக்கு முதலே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாளாம்.

நடந்தது இதுதான். எல்லை கல்லில் என்று வந்து சாட்சி சொல்லச் சொல்லிக் கோர்டெசைக் கேட்டேன். கந்தோருக்குத் தான் போவதில்லை என்றார். அங்கே ரீட்ஃபெல்ட்காரி ஒருத்தியும் வருவா என்றதும் நிச்சயமாக இல்லை என்றார். நான் பெருமூச்சு விட்டு, "அதுவும் நல்லதுதான். அந்த மனுசி தனியப் போய்ச் சொல்லட்டும்" என்றேன். என்ன சொல்லப் போகிறா என்று கேட்டார்.

"அந்தக் கல்லை உங்கடை ஆக்கள்தான் முந்தி ஒருக்காத் தள்ளி வைச்சவையாம். உண்மையான எல்லை ரெண்டு வயல் இஞ்சாலையாம்."

ஜெசிந்தா இதைச் சொல்லி முடிக்க முதல் கோர்டெசின் காது சிவந்துவிட்டது. எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பிறகு கல்லடிக்குப் போய் ஃப்ராவ் ஹென்னெக்கெயிடம் இதையே மறுபக்கமாகத் திருப்பிச் சொன்னோம். கல் முந்தி அவவின் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றது என்று ஹோல்டன்பேர்க்கில் ஒருவர் சாட்சி சொல்லப் போகிறார் என்று. அவ மணி கேட்கவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டா.

ஒக்ரோபர் 29, புதன்

கந்தோரில் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இவர். ஒரே வாங்கு, ஒரே மாவட்டம். "இஞ்சை இருக்கலாமோ" என்று என்னைக் கேட்டுத்தான் இருந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கோர்டெஸ் கோட்டும் தொப்பியும் போட்டு வந்தார். ஃப்ராவ் ஹென்னெக்கெ உழவு மெசினிலேயே வந்து கந்தோர் வாசலில் விட்டா.

அதிகாரி மெலிந்த மனிதர், கண்ணாடி. ஜெசிந்தா கல்லின் கதையைச் சொன்னாள். சட்டத்துக்குக் கல் கிடையாது, பாலம்தான் என்றார். கோர்டெஸ் எழும்பினார். தன் பாட்டன் காலத்திலிருந்து கல் அங்கேதான், ஒருவரும் தள்ளவில்லை என்றார். ஃப்ராவ் ஹென்னெக்கெ எழும்பி, தள்ளியிருந்தால் ஹோல்டன்பேர்க்காரர்தான் தள்ளியிருப்பார்கள், ஆனால் கல் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்றா. இரண்டு பேரும் ஒரே விசயத்துக்காக ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினார்கள். ஆஸ்பத்திரி யாருக்குப் போனது, யாருடைய பந்தடிக் குழு களவு விளையாடியது எல்லாம் வந்தது. ஜெசிந்தா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அதிகாரி பொறுமை கெட்டு எழும்பிச் சுவரில் இருந்த வரைபடத்துக்குப் போனார். புது வரைபடம், புது எல்லை சிவப்பில் கிடக்கிறது. "எல்லை இங்கே" என்று விரலை வைத்தார். விரல் போய் நின்றது சிவப்புக் கோட்டில் இல்லை. காட்டின் மேல் முனையில். அந்த வரைபடத்தில் கல்லே இல்லை. அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான் போல. தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தோம். கோர்டெசுக்குத் தொப்பியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

எல்லை தாண்டியது தெரியாமல் நடந்தது, அதை விடலாம் என்று எழுதினார்.

"மற்றது விவாகம்," என்றார். பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாமல் இருவர் வந்து புருசன் பெண்சாதி என்றால் தான் எப்படி நம்புவது. என் வாய்க்கு முதல் தடவையாகப் பகிடி ஒன்றும் வரவில்லை. தாலியைத் தூக்கிக் காட்டினேன். அழகான சங்கிலி என்றார்.

ஃப்ராவ் ஹென்னெக்கெ இருந்த இடத்திலிருந்தே மெதுவாகப் பேசத் தொடங்கினா. ஜெசிந்தா சொல்லச் சொல்ல நான் கேட்டது:

"என்ரை குசினி யன்னலாலை பாத்தா அந்தக் கல் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் இவையைப் பாக்கிறன். இவ ஏசுவா, அவர் சாப்பிடுவார். மழைக்குள்ளையும் வருவினம். வந்து ஒண்டும் கதைக்காமல் நிப்பினம். காதலிக்கிற ஆக்கள் அப்பிடி நிக்க மாட்டினம், ஐயா. நானும் என்ரை மனுசனும் முப்பது வருசம் அப்பிடித்தான் இருந்தனாங்கள். எங்களுக்கு நடுவிலை கல் மட்டும்தான் இல்லை."

அதிகாரி இவரைப் பார்த்து, உண்மையா, உங்கள் மனைவி எப்போதும் ஏசுவாவா என்று கேட்டார். இவர் ஊரிலும் இங்கேயும் எந்த அதிகாரிக்கும் நிமிர்ந்து பதில் சொன்னதில்லை. இன்று நிமிர்ந்தார்.

"ஏசுறதில்லை. பகிடி பண்ணுவா. அது ஏச்சிலும் மோசம்."

அதிகாரி இதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கோர்டெசும் ஃப்ராவ் ஹென்னெக்கெயும் ஒருவருக்கொருவர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் உழவு மெசின் உறுமி நின்றபோது, கோர்டெஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் எஞ்சினுக்குள் தலையை விட்டார். அவருக்குத் திருத்தாமல் இருக்க ஏலாது.

நவம்பர் 9, ஞாயிறு

பாலம். இவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. பதில் இன்னும் இல்லை. பதில் வராதோ என்று இவர் கேட்டார். வரும் என்றேன். வராவிட்டாலும் பாலம் இருக்கிறது, எனக்கு இரண்டு கால் இருக்கிறது, ஒன்று வீக்கம், மற்றது நல்லது.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டது. மாற்றல் சரி. ஜெசிந்தா மூன்று தடவை வாசித்தாள். நான் நீலச் சீலையைத் தோய்த்தேன்.

நவம்பர் 24, திங்கள்

இவர் பத்து மணி பஸ்சில் வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு போர்வை, ஒரு பொலித்தீன் பை. கோர்டெஸ் கைகொடுத்து, ஹோல்டன்பேர்க்குக்கு வரவேற்பு என்றார். ஜெசிந்தா பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் சோறும் பருப்பும் கோழியும். சாப்பிட்ட பிறகு அறையில் இருந்த இரண்டு இரும்புக் கட்டிலையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, இவருடைய போர்வையைக் குறுக்கே விரித்தோம். இந்தக் கட்டிடம் முந்தி ஆஸ்பத்திரியாக இருந்ததாம். கட்டில்களின் காலில் உருளுகிற சில்லு, சின்னச் சக்கரம், இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இவர் நடுவில் படுத்தார். மூன்று மணி போல ஒரு கட்டில் யன்னலடிக்கும் மற்றது கதவடிக்கும் போயிருந்தன. இவர் போர்வையோடு நிலத்தில் இருந்தார். எழுப்பி இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி போதுமோ என்று கேட்டேன். போதும் என்றார்.